எது யாருக்குச் சொந்தம்? செங்கல்பட்டு மாவட்டத்து முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

இந்த ஆண்டு நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் முதலாண்டு சேர்ந்திருக்கிறீர்கள். உங்களில் பலர், உங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள். நானும் அப்படி வந்தவள்தான். திருக்கழுக்குன்றம் வட்டத்தில் ஒரு காலனி என் ஊர். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய்த் தத்துவம் முதுகலை படிக்கிறேன். ஊரில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும், "தத்துவம் படிச்சா என்னம்மா வேல கெடைக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஊருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. நான் இந்தப் படிப்பில் கண்டெடுத்ததை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நீங்கள் வணிகவியல் படிக்கலாம், வேதியியல் படிக்கலாம், கணினி படிக்கலாம். இது உங்கள் எல்லாருக்கும் சேர வேண்டிய செய்தி.

எது யாருக்குச் சொந்தம், ஏன் சொந்தம் என்பது தத்துவத்தின் பழைய கேள்விகளில் ஒன்று. அதை ஐரோப்பாவில் யார் யார் எப்படிக் கேட்டார்கள் என்று வகுப்பில் படித்தேன். அதே கேள்வியை நம் மாவட்டத்து மக்கள் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மனுவாகவும் வழக்காகவும் போராட்டமாகவும் கேட்டு வந்திருக்கிறார்கள் என்பதை வகுப்புக்கு வெளியே, நானாகத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தத் தேடல் முதல் ஆண்டிலேயே தொடங்கட்டும்.

சொத்துரிமைப் பாடம் பெரும்பாலும் ஜான் லாக்கிடம் தொடங்கும். 1689இல் வெளிவந்த நூலில் அவர் வைக்கும் வாதம் எளிமையானது. பூமி எல்லாருக்கும் பொது. ஆனால் என் உடம்பு எனக்குச் சொந்தம். ஆகவே என் உழைப்பும் எனக்குச் சொந்தம். அந்த உழைப்பை ஒரு நிலத்தில் நான் கலந்துவிட்டால், அந்த நிலம் என்னுடையதாகிறது. இதைப் படித்ததும் எனக்கு என் ஆயா நினைவுக்கு வந்தார். சிறுமியாக இருந்தபோதே நடவுக்குப் போகத் தொடங்கி, முதுகு வளையும் வரை சேற்றில் நின்றவர். ஊர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் ஒவ்வொரு வயலாகக் காட்டி, "இது நாம நட்டது, அது நாம அறுத்தது" என்பார். லாக்கின் கணக்குப்படி அந்த வயல்களில் அவருக்குப் பங்கு இருக்க வேண்டும். அவர் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இருந்ததில்லை.

இதற்கு விடை லாக்கின் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. என் குதிரை மேய்ந்த புல்லும் என் வேலைக்காரன் வெட்டியெடுத்த புல்தரையும் எனக்கே சொந்தம் என்று அவர் ஓர் உதாரணம் தருகிறார். உழைத்தவனுக்கே உரிமை என்று தொடங்கிய வாதம், உழைத்தவன் வேலைக்காரன் என்றதும் உரிமையை எஜமானிடம் கொடுத்துவிடுகிறது. அந்த மனிதர் குதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார். அடிமை வணிகம் நடத்திய ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியில் லாக் பங்கு வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். உலகம் முழுக்கப் பாடமாக இருக்கும் வாதத்தில் என் ஆயா எந்த வரியில் விழுந்து காணாமல் போனார் என்று எனக்கு அங்கே தெரிந்தது. பெரிய நூல்களை மரியாதையோடு படியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு ஆளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 1763இல் ஆற்காட்டு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அப்போது கிராமத்து நிலத்திலும் விளைச்சலிலும் உரிமை பங்கு பங்காகப் பிரிந்து மிராசுதார்களிடம் இருந்தது. உழுததும் நட்டதும் அறுத்ததும் படியாட்கள். படியாளுக்குக் கூலி தானியமாகக் கிடைத்தது. திருமணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய சிறு கடன் அவரை எஜமானிடம் கட்டிப்போட்டது. 1843இல் அடிமைமுறையைச் சட்டம் கைவிட்டது. ஆனால் செங்கல்பட்டுக் கிராமங்களில் படியாள் குடியிருந்த குடிசையின் மனைகூட அவருடையதாக இல்லை. எதிர்த்துப் பேசினால் அதே நாளில் மனையை விட்டு இறங்க வேண்டியிருக்கும். தரிசு நிலம் கேட்டு ஒருவர் தர்க்காஸ்து போட்டால், அந்த நிலத்தின் மேல் முதல் உரிமை மிராசுதாருக்கு. அதாவது உழைக்க ஆளும் உண்டு, உழப்படாத நிலமும் உண்டு. இரண்டையும் சேரவிடாமல் நடுவில் ஒரு விதி நின்றது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ஜே.எச்.ஏ. ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையை அவர்களுக்கே கொடுக்க வேண்டும், தரிசு நிலத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்றார். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை 1010 அதன் தொடர்ச்சியாக வந்தது. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் நிலம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்டதாக நிலமீட்பு இயக்கத்தார் சொல்லிவருகிறார்கள். நாம் பஞ்சமி நிலம் என்பதும், வருவாய்த்துறைக் காகிதங்களில் டி.சி. நிலம் என்று இருப்பதும் இதுதான். அதற்கு நிபந்தனைகள் உண்டு. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்ற வேண்டும். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இதை ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கருணையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ஆய்வு நூல், படியாள் முறையை 'மென்மையான' அடிமைத்தனம் என்று எழுதி வைத்ததில் அதிகாரிகளுக்கும் நில உடைமையாளர்களுக்கும் இருந்த கூட்டு நலனை விரிவாகக் காட்டுகிறது. அதே காலத்தில் பேசியவர்களில் நம் மண்ணின் ஆள் ஒருவர் இருந்தார். மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கோழியாளத்தில் 1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ அதை முகப்பில் அச்சிட்டுக் கடைக்கு அனுப்பினார். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று தன் வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதியிருக்கிறார். ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். நம் மாவட்டத்தில் பட்டம் வாங்கும் யாரும் அதைப் படிக்காமல் போகக்கூடாது.

1892இல் கொடுத்த நிலம் என்ன ஆனது? கடனுக்குப் போனது. மிரட்டலுக்குப் போனது. பினாமிப் பெயரில் போனது. பதிவேடுகளைத் திருத்தி எழுதிய காலங்களில் நிபந்தனைக் குறிப்பே மறைந்துபோனதும் உண்டு என்று போராடுகிறவர்கள் சொல்கிறார்கள். பழைய மாமல்லபுரம் சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அகலமானபோது இந்தப் பக்கத்தில் ஏக்கர் கணக்கு மறைந்து சதுர அடிக் கணக்கு வந்தது. அதுவரை தரிசு என்று கிடந்த மண்ணைத் தேடி எல்லாரும் வந்தார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய நாள் 1994 அக்டோபர் 10. நம் மாவட்டத்துக் காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள். அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்துச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். இன்றும் ஒவ்வோர் அக்டோபர் 10 அன்றும் அவர்களுக்கு வீரவணக்கம் செலுத்தப்படுகிறது. நீங்கள் பஸ் மாறும் ஊரில், ரயில் ஏறும் ஊரில் நடந்தது இது. உங்களுக்குப் பிளேட்டோவின் ஆண்டு தெரிந்திருக்கும். இந்த நாளும் தெரிந்திருக்க வேண்டும். அன்று அவர்கள் அரசிடம் எதையும் தானமாகக் கேட்கவில்லை. அரசே போட்ட ஆணையை அரசே நிறைவேற்றச் சொன்னார்கள்.

நியாயமான ஒரு மறுப்பு உங்களுக்குத் தோன்றலாம். வகுப்பில் என் தோழி ஒருத்தி என்னிடம் கேட்டதுதான் அது. "நூறு வருஷமா கை மாறி மாறி வந்த நிலத்துல, ஒண்ணும் தெரியாம ஒரு மனை வாங்கி வீடு கட்டினவங்கள என்ன செய்வே? அவங்களும் கடன் கட்டிக்கிட்டுத்தானே இருக்காங்க?" இந்தக் கேள்வியைத் தட்டிவிடக் கூடாது. இதற்கு நான் உதவி தேடியது ஒருவரும் எதிர்பார்க்காத ஒருவரிடம். ராபர்ட் நோசிக், சந்தையையும் தனிச்சொத்தையும் இருபதாம் நூற்றாண்டில் மிக உறுதியாக ஆதரித்த அமெரிக்கத் தத்துவவாதி. 1974இல் வந்த நூலில், சொத்து நியாயமானதாக இருக்க மூன்று நிபந்தனைகள் சொல்கிறார். முதலில் எடுத்த விதம் சரியாக இருக்க வேண்டும். கைமாறிய விதம் சரியாக இருக்க வேண்டும். இரண்டில் எது பிசகியிருந்தாலும் அந்தப் பிழையைத் திருத்த வேண்டும். ஏழைக்கு இரங்க வேண்டும் என்று சொல்லாத தத்துவவாதிகூடத் திருத்தத்தை விடவில்லை.

அப்படியானால் பஞ்சமி நிலத்தில் பேச வேண்டியது திருத்துவதா வேண்டாமா என்பதைப் பற்றி அல்ல. திருத்தும் செலவை யார் ஏற்பது என்பதைப் பற்றி. என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒன்றரை சென்ட்டில் வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவது திருத்தம் ஆகாது. ஒரு காலத்தில் குடிசை மனையிலிருந்து இறக்கி விடப்பட்ட நம்மவர்கள் அதைக் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் நிபந்தனை தெரிந்தே வளைத்துப் போட்ட பெரிய பரப்புகள் உண்டு. இன்னமும் வேலி மட்டும் போட்டுக் கிடக்கும் இடங்கள் உண்டு. அவற்றை மீட்டுத் தருவதில் யாரும் வீடிழக்க மாட்டார்கள். மீட்கவே முடியாத இடத்துக்கு ஈடாக வேறு நிலம் தர வேண்டியது, பதிவேட்டைக் காக்கத் தவறிய அரசின் கடமை. இதில் நீங்கள் என்னோடு மாறுபடலாம். மாறுபடும் முன் அந்த ஆணையின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

நிலத்திலிருந்து கடலுக்குப் போவோம். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்து இறங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை அது. அந்தக் கம்பெனிக்கும் தத்துவ வகுப்புக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1603இல் டச்சுக்காரர்கள் சான்டா கேட்டரினா என்ற போர்ச்சுக்கீசியக் கப்பலைச் சிங்கப்பூர் அருகே பிடித்தார்கள். அதை நியாயப்படுத்த ஹியூகோ குரோஷியஸ் என்ற இளம் வழக்கறிஞரை எழுதச் சொன்னார்கள். அந்த எழுத்திலிருந்து 1609இல் வெளிவந்ததுதான் கடல் சுதந்திரம் பற்றிய புகழ்பெற்ற நூல். காற்றைப் போலக் கடலும் எந்த ஒருவருக்கும் சொந்தமாக முடியாது என்பது அதன் சாரம். இன்றைய சர்வதேசக் கடல் சட்டத்தின் அடிக்கற்களில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். கடல் எல்லாருக்கும் பொது என்று எழுத வைத்தவர்கள் நம் கரையில் வந்து கட்டியது மதிற்சுவரும் பீரங்கி மேடையும்.

அந்தக் கோட்டை வருவதற்கு முன்பும் பின்பும் இந்தக் கரையில் வலை இழுத்தவர்கள் கடலைப் பொதுவாகவே பாவித்து வந்திருக்கிறார்கள். எந்த வலை போடலாம், எந்த நாளில் போகக்கூடாது, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்றெல்லாம் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்யும். அதில் பெண்களுக்கு இடம் இல்லாததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் அது ஓர் ஒழுங்கு. படகு நிறுத்தும் மணலும் வலை உலர்த்தும் மணலும் மீன் காயவைக்கும் மணலும் குப்பத்தின் வாழ்க்கைக்கு வீட்டைப் போலவே அவசியம். வருவாய்ப் பதிவேட்டில் பல இடங்களில் அது வெறும் புறம்போக்கு. உழப்படாத நிலம் வீண் நிலம் என்று லாக் எழுதிய பார்வை அந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னும் நிற்கிறது.

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் திறக்கப்பட்டது. நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலை வந்தது. தென்சென்னையின் தாகம் உண்மையானது; அங்கே விடுதியில் தங்கியிருக்கும் என் தோழிகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஆனால் பக்கத்துச் சூளேரிக்காட்டுக் குப்பத்து மக்கள், ஆலை வந்த பிறகு தங்கள் கரை அரிக்கப்படுகிறது, மீன்பாடு குறைகிறது என்று தொடர்ந்து முறையிட்டு வருகிறார்கள். பொதுவான ஒன்றிலிருந்து ஒரு நகரம் பயன் எடுக்கும்போது, அதன் சுமையை ஒரு குப்பம் மட்டும் தாங்க வேண்டுமா? சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் தம்பிக்கும் பொருளியல் படிக்கும் தங்கைக்கும் இதைவிட நல்ல ஆய்வுப் பொருளை நான் காட்ட முடியாது.

நிலத்திலும் கரையிலும் பதிவேட்டில் ஏறாத இன்னொரு மக்கள் உண்டு. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு இருளர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். புடவையைக் கட்டி மறைப்பு அமைத்துத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிட்டு, திருமணம் முடித்து, பேசி முடிக்க வேண்டிய காரியங்களைப் பேசிவிட்டுத் திரும்புவார்கள். நாம் கேமராவோடு போகிறோம். இவர்களைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டிய செய்தி வேறு. வனவிலங்குச் சட்டம் 1972இல் வந்தது. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் நின்றது. தோலுக்காகப் பாம்பு பிடித்து வயிறு கழுவிய குடும்பங்கள் பட்டினிக்குப் போயின. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வந்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பயன்படும் விஷத்தில் பெரும்பகுதியை இந்தச் சங்கம் கொடுத்திருக்கிறது. நம் மாவட்டத்து மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன் அவர்களை ஃபுளோரிடாவுக்கு அழைத்துப்போய் மலைப்பாம்பு தேடச் சொன்னார்கள்.

தரையில் ஒரு தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லும் அறிவு, தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் தேறிய அறிவு. அதற்குப் பட்டயம் இல்லை. ஏரிக்கரையில் குடியிருப்பவருக்கு மனைப்பட்டா இல்லை. பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வாங்கப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும், அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. அதன் பிறகும் நம் மாவட்டத்துச் சுற்றுவட்டாரத்தில் அரிசி ஆலைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைத்த இருளர்கள் பலர் நிவாரணப் பட்டியலில் இல்லை. காரணம், மீனவர் என்று எந்தக் காகிதத்திலும் அவர்கள் பெயர் இல்லை. அலை எல்லார் குடிசையையும் எடுத்துப்போனது. காகிதம் சிலரை மட்டும் எண்ணியது.

இந்த மூன்று கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு உதவியவர் லாக்கும் அல்ல, நோசிக்கும் அல்ல. காஞ்சிப் பகுதியைச் சேர்ந்தவர் என்று மரபு சொல்லும் திக்நாகர். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முந்திய பௌத்த அறிஞர். அறிவுக்கு வழி எத்தனை என்ற விவாதத்தில், நேரே காண்பது ஒன்று, கண்டதிலிருந்து சரியாக ஊகிப்பது இன்னொன்று, இந்த இரண்டு போதும் என்றார். பெரியவர் சொன்னார், நூல் சொன்னது என்பதற்காக ஒன்றைத் தனி ஆதாரமாக ஏற்க முடியாது. சொல்லையும் இந்த இரண்டால் சோதித்தாக வேண்டும் என்பது அவர் நிலை. மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் தருக்கம் கேட்கும் பகுதியில் இந்த முறை தமிழிலேயே விரிவாக வருகிறது. இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், இவ்வளவு கூர்மையான ஒரு சிந்தனை மரபு நமக்கு இருந்தது.

நிலப்பதிவேடும் ஒரு சொல்தான். யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு தேவைக்காக எழுதியது. காரணைக்காரர்களுக்கு 1892இன் பதிவேடு துணை நின்றது. அதை மறைத்தவர்களோடுதான் அவர்கள் மல்லுக்கட்டினார்கள். குப்பத்துக்காரருக்கும் இருளருக்கும் பதிவேடே எழுதப்படவில்லை. ஆகவே காகிதத்தைக் கும்பிடவும் வேண்டாம், கிழித்தெறியவும் வேண்டாம். அந்த இடத்தில் யார் உழைக்கிறார்கள், யார் குடியிருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்ததோடு காகிதம் ஒத்துப்போகிறதா என்று கேட்க வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் எந்த ஆண்டில் பிசகியது என்று ஊகித்துத் தேட வேண்டும். திக்நாகர் தந்த இந்தக் கருவியை நான் இன்று தாலுகா அலுவலக வாசலில் பயன்படுத்துகிறேன்.

இதெல்லாம் மாறுமா என்று கேட்பீர்கள். மாறியிருக்கிறது. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நம் செங்கல்பட்டில்தான் நடந்தது. தலைமை ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று அங்கே தீர்மானித்தார்கள். இன்று தமிழ்நாட்டு மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதிப் பட்டம் இல்லாமல் நம் பெயர்கள் இருப்பதன் வேர் அந்தப் பந்தலில் இருக்கிறது. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்றும் தீர்மானித்தார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989இல். நாடு முழுக்கச் சட்டமானது 2005இல். முதல் சட்டத்துக்கே 60 ஆண்டுகள். அந்தப் பந்தலில் கைதூக்கிய பெண்களில் பலர் அந்தப் பலனைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் தூக்கினார்கள்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்ததையும் இதோடு சேர்த்து நினைக்கிறேன். அரசியலில் சமத்துவமும் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமமின்மையுமாக ஒரு முரண்பட்ட வாழ்வுக்குள் நுழைகிறோம், இந்த முரண்பாட்டை விரைவில் நீக்காவிட்டால் அதனால் துன்பப்படுகிறவர்கள் இந்த ஜனநாயகத்தையே தகர்த்துவிடுவார்கள் என்பது அவர் சொன்னதன் பொருள். என் ஆயாவின் ஓட்டுக்கும் மிராசுதார் பேரனின் ஓட்டுக்கும் மதிப்பு ஒன்று. வாக்குச்சாவடிக்கு அவர்கள் நடந்து வந்த மண் யாருடையது என்பதில் அந்தச் சமம் இல்லை. நம் தலைமுறைக்கு மிச்சம் வைக்கப்பட்ட பாக்கி இதுதான்.

ஆகவே ஒரு வேலையைச் சேர்ந்து செய்வோம் என்று உங்களை அழைக்கிறேன். 2029 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாட்டுக்கு நூறு ஆண்டு நிறைகிறது. அதற்குள் நம் மாவட்டத்தின் ஒவ்வொரு கிராமத்துக்கும் குப்பத்துக்கும் மாணவர்கள் எழுதிய ஒரு நோட்டு இருக்க வேண்டும். உங்கள் கிராமத்து அ-பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம், டி.சி. நிலம் எந்தச் சர்வே எண்களில் இருந்தது, இன்று யார் பெயரில் இருக்கிறது என்று குறியுங்கள். பழைய பதிவேட்டுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்வாருங்கள். கரையோரத்துப் பிள்ளைகள், படகு நிறுத்தும் இடத்தையும் வலை உலர்த்தும் இடத்தையும் வரைபடமாக்குங்கள். இருளர் குடியிருப்புப் பக்கத்தில் இருப்பவர்கள், சான்றிதழ் மனு எழுதிக்கொடுக்க உட்காருங்கள். ஒரு மனு எழுதினால் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்காமல் போகும். முக்கியமாக, வீட்டுப் பெரியவர்களிடம் எந்த வயலில் யார் வேலை செய்தார்கள், எந்த மனையிலிருந்து யார் இறங்கிப் போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் கண்டதைப் பதிவு செய்ய நமக்குக் காலம் குறைவு.

சாதி பார்த்துப் பிரிந்து இதைச் செய்யாதீர்கள். மிராசுக் குடும்பத்திலிருந்து வந்த பிள்ளைகளும் வாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய பத்திரம் எங்கள் வீட்டில் இல்லாத சாட்சி. அதைத் திறந்து காட்டும் தைரியத்தை நான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

என் கிராமத்து நோட்டைத் தொடங்கிவிட்டேன். நீங்கள் எந்தக் கிராமத்தை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
தத்துவ முதுகலை மாணவி,
திருக்கழுக்குன்றம் வட்டம்.